குதிரைக்கால் யானை

அஞ்செட்டிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு யானையின் பின்னங்கால் எப்படி மடியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கிருஷ்ணகிரி டவுனில் வளர்ந்தவள். எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நாய்க்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு கோணம் தெரியும். யானைக்கு அது கிடையாது. மனிதரைப் போல முன்பக்கமாக முட்டி மடக்கும். இதை எனக்குச் சொன்னவள் என்னோடு ஓசூரில் ஒரே அறையில் நான்கு வருடம் தங்கியிருந்தவள். அவள் ஊர் அஞ்செட்டிக்கு மேலே, பேருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வந்துபோகும் ஒரு மலைக் கிராமம். அவள் சொல்லித்தந்த அந்த ஒரு விஷயம்தான் கடைசியில் அவளையே எனக்குக் காட்டிக்கொடுத்தது.

முதலில் ஒரு யானைச் சின்னம் என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தது பித்தளை வால்வு வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். பெங்களூரிலிருந்து லாரியில் பழைய பித்தளை வரும். குழாய், பூட்டு, குத்துவிளக்கின் பாதி, ராணுவ முகாம்களில் கழித்துக்கட்டிய சாமான் என்று எல்லாம் கலந்து கிடக்கும். உலையில் போடுவதற்கு முன்னால் வேறு உலோகத்தைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஒருநாள் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு துண்டை என் பக்கம் தூக்கிப் போட்டார்.

"மேடம், இது வெள்ளையா இருக்குது. உலைக்கு ஆவாது."

உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜெர்மன் சில்வர், வெள்ளிபோல வெளுத்த கலவை உலோகம். நட்சத்திரம் போலக் கதிர்கள். நடுவில் சுருண்ட ஓர் ஊதுகொம்பு. மேலே மகுடம். கீழே, தூசியை விரலால் துடைத்துப் பார்த்தால், ஒரு யானை, அதன்மேல் பொடி எழுத்து.

நம்மூர் யானை வெள்ளைக்காரன் மகுடத்துக்குக் கீழே என்ன செய்கிறது? எனக்கு ஒரு குணம்: ஒரு கேள்வி உள்ளே விழுந்துவிட்டால் அதை முடிக்காமல் சோறு இறங்காது. ஸ்டோர்ஸில் கேட்டு எழுதிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். ஒரே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது: அது ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் படை ஒன்றின் தொப்பிச் சின்னம். தக்காணத்தில், மராட்டிய நாட்டில், அசாயே என்று ஒரு சிற்றூர். அங்கே நடந்த சண்டையில் ஜெயித்ததற்காக அந்தப் படைக்கு யானையை அணிந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக, யானையைக் கண்ணால்கூடப் பார்த்திராத மலைநாட்டுப் பையன்கள் குளிரில் அதைத் தொப்பியில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

ஊதுகொம்பு என்றால் வேகமாக ஓடிப் போரிடும் லேசான காலாட்படை. நட்சத்திரக் கதிர்கள் அவர்களுடைய பழைய அரச விருதின் வடிவம். அந்த விருதின் பெயரே ஒரு முள்செடியின் பெயர்தான். எதிரிகள் சத்தம் கேட்கக்கூடாதென்று வெறுங்காலோடு பதுங்கி வந்தார்களாம். ஒருவன் அந்த முள்மேல் காலை வைத்து அலறிவிட்டானாம். தூங்கிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுந்துகொண்டார்களாம். அதிலிருந்து அது அவர்களுடைய தேசியச் செடி. மகுடத்தின் வளைவு நடுவில் குழிந்திருந்தால் பிற்காலத்து அரசியின் காலம், குழியாமல் குவிந்திருந்தால் அதற்கு முந்தைய அரசர்களின் காலம். என்னுடையது குவிந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று மதியம் கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு நின்றபடியே எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து சொன்னபோது அவள் மட்டும் கேட்டாள்.

அவள் சூளகிரி ரோட்டில் ஒரு சின்ன டூல் ரூமில் டிசைனர். கம்ப்யூட்டரில் டை வரைவாள். டை என்றால் இரும்பில் குழிவாக வெட்டிய அச்சு. அதன்மேல் தகட்டை வைத்து பிரஸ்ஸில் அடித்தால் உருவம் எழும். அதனால் நான் பேசுவது அவளுக்கு உடனே புரிந்தது. அன்று அறையில் சின்னத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முள்ளு, முள்ளுன்னு சொன்னியே, இந்தப் பக்கத்துல கெடக்கற பிரம்மதண்டு மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அத எங்க ஊர்ல மாடுகூடத் தின்னாதுடி. இவனுங்க அதப் போய் சாமி ஆக்கி வெச்சிருக்கானுங்க." அப்புறம் யானையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். "இது என்னாடி யானை? குதிரைக்குத் தும்பிக்கைய ஒட்ட வெச்ச மாதிரி. பின்னங்கால பாரு. யானைக்கு அங்க எப்பிடி மடங்கும்? இதச் செஞ்சவன் யானைய பாத்ததே கெடயாது."

யானையைப் பார்க்காத ஒருவன் எங்கோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து, தெரிந்த மிருகத்தின் காலைத் தெரியாத மிருகத்துக்கு மாட்டியிருக்கிறான். எனக்கு அது சின்னத்தைவிடப் பிடித்துவிட்டது. அன்று முதல் எங்கள் அறையில் அதற்குப் பெயர் குதிரைக்கால் யானை.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. பழைய ராணுவச் சின்னம் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. சேர்ந்தேன். மான் தலை, பூனை, கோட்டை, எக்ஸ் வடிவச் சிலுவை என்று ஸ்காட்லாந்துச் சின்னம் எது வந்தாலும் நான்தான் முதலில் பதில் போடுவேன். இங்கிலீஷ் புத்தகத்தில் இருப்பதைத் தமிழில் எளிமையாக எழுதுவேன். முக்கியமாக, போலியைப் பிடிப்பேன். அது என் தொழில். பகலெல்லாம் வால்வை வெர்னியரில் அளந்து ஒரு மயிரிழை வித்தியாசத்துக்குத் திருப்பி அனுப்புகிறவள் நான். மேடான இடங்கள்தான் முதலில் தேய வேண்டும், பள்ளங்களில் கூர்மை இருக்க வேண்டும், முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்க வேண்டும், தொப்பியில் மாட்டப் பின்பக்கம் ஒட்டிய வளையங்களின் பற்றுவைப்பு பழையதாக இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் குழுவில் பெரியவர்களே "மேடம் பார்த்துச் சொன்னால் சரி" என்று எழுத ஆரம்பித்தார்கள். வேறு எதற்காகவும் என்னை யாரும் மேடம் என்று மனசார அழைத்ததில்லை. என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது ஒன்றுதான் நானாகச் சம்பாதித்தது.

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடும்போது, துணி துவைக்கும்போது, ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு காதருகே கத்தி. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் நல்ல கேள்வியாகக் கேட்பாள். "தேய்மானம் நெசமா, தேய்ச்சதான்னு எப்பிடித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாள். அரைமணி நேரம் விளக்கினேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஒருநாள் அவளேதான் சொன்னாள்: "ஒன் சின்னத்தப் பத்தி ஒரு பக்கம் ஒழுங்கா எழுதுடி. அளவு, எடை, எப்பிடி செக் பண்ண, எல்லாம். கடைசில கையெழுத்துப் போடு. ஆல்பத்துல வெச்சிக்கலாம்."

எழுதினேன். 'நேரில் சோதித்தேன், உண்மையானது' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். குதிரைக்காலைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எப்போதோ செத்துப்போன அந்தச் செதுக்குகாரனைக் குறை சொல்வதுபோல இருக்குமென்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம், "எங்க ஆபீஸ்ல லைட் நல்லா இருக்குது, போட்டோ எடுத்துக் குடுக்கறன்" என்று சின்னத்தையும் கடிதத்தையும் எடுத்துப் போனாள். பத்து நாள் கழித்துச் சின்னத்தைத் திருப்பித் தந்தாள். ஒரு பஞ்சுத் துணியில் சுற்றித் தந்தாள்; கடிதத்தை ஆல்பத்தில் வைத்துத் தருவதாகச் சொல்லித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். போட்டோக்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன.

அதன் பிறகு ஐந்து மாதம் அந்தச் சின்னம் என் மேஜையில்தான் இருந்தது. தினமும் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி விழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் அதைத் தூக்கிப் பிடித்து, "இந்த யானையின் பின்னங்காலைப் பாருங்கள், குதிரைக்கால்!" என்று சொன்னேன். கைதட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்கள்.

வீடியோ வந்த மூன்றாம் நாள் குன்னூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். குழுவில் இருப்பவர், அதுவரை பேசியதில்லை. ரொம்பத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க லெட்டரோட ஒரு அசாயே யானை வாங்கினேன். ஆன்லைன்ல. நீங்க கையெழுத்துப் போட்டிருந்ததால யோசிக்கவே இல்ல. ஆனா வீடியோல குதிரைக்கால்னு சொல்றீங்க. என்கிட்ட இருக்கறதுல நல்ல யானைக்காலாத்தான் இருக்குது."

"என் லெட்டரா? நான் எதையும் விக்கலையே சார்."

"ஜெராக்ஸ் மேடம். அப்புறம், வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உங்க கையில இருக்கறதுலயும் யானைக்கால்தான் தெரியுது."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே மேஜைக்குப் போனேன். சின்னத்தை எடுத்தேன். மகுடம் குவிந்திருந்தது. கதிர்களின் நுனி சரியான இடத்தில் தேய்ந்திருந்தது. பின்பக்கம் பள்ளம் சரியாக இருந்தது. வளையங்களின் பற்றுவைப்பில் பழுப்பேறியிருந்தது. யானையின் பின்னங்கால் முன்பக்கமாக, அழகாக, நிஜ யானையைப் போல மடிந்திருந்தது.

ஐந்து மாதம். நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் செய்திருந்தாள். நான் சோதிக்கும் இடங்களை எல்லாம் சரியாகச் செய்திருந்தாள். நான் பார்க்காமல் விடும் ஒரே இடம், மனப்பாடமாகத் தெரியும் என்பதால் பார்க்காமல் விடும் இடம், அந்தக் கால்.

அப்போதும் நான் நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய டூல் ரூமில் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் மதியம் அரைநாள் லீவு போட்டு, சூளகிரி பஸ் ஏறினேன். அவள் அன்று கஸ்டமரைப் பார்க்க பெங்களூர் போயிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

டூல் ரூம்களில் ஒரு வழக்கம் உண்டு. புது டை போட்டால் அதில் அடிக்கிற முதல் பீஸை யாருக்கும் தரமாட்டார்கள். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்கள். அடுத்த ஆயுத பூஜை வரை அது அங்கேயே இருக்கும். அரசாங்க ஆர்டராக இருந்தாலும் சரி, திருட்டு வேலையாக இருந்தாலும் சரி, முதல் பீஸ் சாமிக்கு. இந்த வழக்கத்தை மீறுகிற பிரஸ் ஆப்பரேட்டரை நான் பார்த்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் எண்ணெய் வாசனையோடு ஊதுபத்தி வாசனையும் வந்தது. சாமி பலகையில் ஆட்டோ பாகங்கள், ஏதோ ஒரு பிராக்கெட், ஒரு கீல். அவற்றுக்கு நடுவில் பளபளவென்று, இன்னும் பழசாக்கப்படாமல், நெற்றியில் பொட்டு வைத்த ஒரு யானை. மகுடத்தின்மேல் காய்ந்த சந்தனம்.

டூல் ரூம் உரிமையாளருக்கு என்னை முன்பே தெரியும்; பார்த்ததும் எழுந்து வந்தார். "வாம்மா, வாம்மா. நல்லா வந்துச்சா பீஸு? நான் ஆப்பரேட்டர்கிட்ட சொன்னன், மேடம் க்வாலிட்டில இருக்கறவங்க, பாத்து அடிடான்னு."

"எதுண்ணா?"

"இதாம்மா, உங்க மெமென்டோ. உங்க ஆபீஸ் பங்சனுக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. ஜாப் கார்டுல உங்க பேருதான இருக்குது." அவர் முகம் மாறியது. "ஏம்மா, ஏதாச்சும் ரிஜெக்சனா?"

"இல்லண்ணா," என்றேன். "நல்லா வந்திருக்குது."

வேறு என்ன சொல்வது? நல்லாத்தான் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் சின்னத்தைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தேன்.

"என்னோடது எங்கடி?"

வாயில் கிளிப் கவ்வியிருந்தாள். எடுத்துவிட்டு, "எது?" என்றாள்.

"யானை."

"ஒன்கிட்டதான இருக்குது."

"இது உங்க ஊரு யானை. நான் கேக்கறது வெள்ளக்காரன் யானைய."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். நான்கு வருடப் பழக்கம், சிரிப்பு முதலில் வந்துவிட்டது. அப்புறம்தான் முகம் இறங்கியது. கையிலிருந்த துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள்.

"காலா?"

"காலு."

"ச்சே." சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஸ்கேன்ல எல்லாம் வந்துச்சு, அந்தக் கால் மட்டும் சரியா வுழல. தேஞ்சி இருந்துச்சில்ல. நானா வரையணும். குதிரைக்கால்தான் போடணும்னு எனக்குத் தெரியாதா? போட்டுப் பாத்தன். ரெண்டு தடவ. கண்ணால பாக்க சகிக்கல. என் கை அப்பிடி வரைய மாட்டேங்குது. யாரு போயி காலைப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சி சரியாவே வரைஞ்சிட்டன்."

"ஒரிஜினல்?"

"மொத பார்சல்லயே போயிடுச்சி. ஒரு ஒரிஜினலாச்சும் வெளிய போனாதான் மத்தத நம்புவாங்க."

"அதான் என் லெட்டரா?"

அவள் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் மைக்கில் தக்காளி, தக்காளி என்று கத்திக்கொண்டு போனார்.

"ஏன்டி? என்கிட்ட கேட்டிருந்தா அதையே குடுத்திருப்பன்டி ஒனக்கு."

"குடுத்திருப்ப," என்றாள். "குடுத்துட்டு அதப் பத்தியும் ஒரு மணி நேரம் பேசியிருப்ப." அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒன் யானைக்கு என்னென்னமோ கவுரவம். போன வருசம் எங்க ராகிக் காட்டுல அஞ்சு யானை எறங்கி மிதிச்சிட்டுப் போச்சி. எங்கப்பா விடிய விடிய தகரம் தட்டி கை வீங்கிப்போச்சி. அன்னிக்கி காலைல நான் ஊர்லருந்து வந்து உக்காந்தன். நீ என்னா சொன்ன தெரியுமா? அந்த யானைக்கு மேல இருக்கற எழுத்து எந்த ஸ்டைலுன்னு சொன்ன. நாலு வருசமா நான் கேட்டன். எங்க ஊரு எப்பிடி இருக்கும்னு நீ ஒரு தடவ கேட்டியா?"

கேட்கவில்லை. அது உண்மை. அதற்காக அவள் என் கையெழுத்தை எடுத்துக்கொண்டது நியாயமாகிவிடுமா? அன்று மாடியில் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. நான் ஏதோ கத்தினேன். என்ன வார்த்தை என்று எழுத விருப்பமில்லை. அந்த வாரத்திலேயே அவள் பெங்களூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கொடியில் அந்தத் துப்பட்டா இரண்டு நாள் கிடந்தது. கிளிப் என்னுடையது.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிடலாம். என் பெயர் இருக்கும். அல்லது குழுவில் சொல்லிவிடலாம்; மேடம் போய்விடுவாள். மூன்று நாள் யோசித்தேன். குன்னூர்க்காரரின் தயக்கக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. தப்பா எடுத்துக்காதீங்க என்று ஏமாந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

எழுதினேன். 'என் கையெழுத்துக் கடிதத்தின் நகலோடு விற்கப்படும் அசாயே சின்னங்கள் இங்கே அருகில் புதிதாக அடிக்கப்பட்டவை. கடிதத்தை நம்பாதீர்கள். யானையின் பின்னங்காலைப் பாருங்கள். நிஜ யானையைப் போலச் சரியாக மடிந்திருந்தால் அது போலி. குதிரையைப் போலத் தப்பாக மடிந்திருந்தால் உண்மை. என்னிடம் இருப்பதும் போலிதான். ஐந்து மாதம் எனக்கே தெரியவில்லை.' அவள் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆறு பேர் தங்களுடையது யானைக்கால் என்று எழுதினார்கள். இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். ஒரு பெரியவர் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினார். அவர்தான் முதன்முதலில் என்னை மேடம் என்றவர்.

ஏழாவதாக பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர் படம் போட்டார். 'என்னுடையது குதிரைக்கால்! தப்பித்தேன். மேடத்துக்கு நன்றி.' கூடவே இரண்டு கைதட்டல் பொம்மை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்து மூன்றாவது கதிரில் ஒரு சின்னக் கீறல். முதல் நாள் தூசி துடைக்கும்போது என் வளையல் பட்டு விழுந்தது. அந்த முட்டாள் பின்னங்கால், பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது.

தனியாக அவருக்கு எழுதினேன். கெஞ்சாமல்தான் எழுத முயன்றேன். அது என்னுடையது, என்னிடமிருந்து எடுக்கப்பட்டது, கீறல் எப்படி விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் பதில் வந்தது. 'மன்னிக்கவும் மேடம். திருட்டுப்போனது என்றால் உங்கள் கடிதம் எப்படி இதோடு வந்தது? எனக்கு வந்தது நகல் இல்லை. அசல்.' கீழே கடிதத்தின் படம். நீல மை. கையெழுத்தின் கடைசிச் சுழிப்பை நான் சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் அப்படி நீளமாக இழுப்பேன்.

'இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?' என்று கேட்டிருந்தார்.

ஆமாம் சார், என்னுடையதுதான் என்று பதில் எழுதினேன்.